பில் கேட்கப் பழக்குவது: ஒரு வணிகவியல் வகுப்பிலிருந்து

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் நுகர்வோர் கல்வி என்று தனிப் பாடம் கிடையாது. கீழ் வகுப்பு சமூக அறிவியலில் கொஞ்சம் தலைகாட்டும். பிளஸ் டூவில் வணிகவியல் எடுத்தவர்களுக்கு நுகர்வோர் பாதுகாப்பு என்று ஓர் அலகு வரும். இது போக, சில பள்ளிகளில் குடிமக்கள் நுகர்வோர் மன்றம் இருக்கும். நான் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியின் அரசு மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் நடத்துகிறேன். மன்றத்துக்கும் நானே பொறுப்பு. வணிகவியல் டீச்சர் என்றால் கடை விவகாரமெல்லாம் அத்துபடியாக இருக்கும் என்று யாரோ எப்போதோ முடிவுசெய்துவிட்டார்கள்.

நுகர்வோருக்கென்று உள்ள இரண்டு நாட்களும் பள்ளிக்கூடத்துக்குத் தோதுப்படாதவை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1986 டிசம்பர் 24 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்ததால் அது தேசிய நுகர்வோர் தினம். அந்த நேரம் அரையாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் லீவில் இருப்பார்கள். மார்ச் 15 உலக நுகர்வோர் உரிமை தினம். 1962-ல் அந்தத் தேதியில்தான் அன்றைய அதிபர் கென்னடி அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய செய்தியில் நான்கு உரிமைகளைப் பட்டியலிட்டார். அப்போது பிளஸ் டூ பொதுத்தேர்வு நடந்துகொண்டிருக்கும். அதனால் எங்கள் மன்ற விழா எப்போதும் ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை நடக்கும். பேச்சுப்போட்டி, கோலப்போட்டி, ஒரு பேனர். அதோடு சரி.

வகுப்புக்கு வருவோம். நுகர்வோரின் உரிமைகள் யாவை என்று கேட்டால் கடைசி பெஞ்சுப் பையன்கூட ஒப்பித்துவிடுவான். பாதுகாப்பு பெறும் உரிமை, தகவல் அறியும் உரிமை, தேர்ந்தெடுக்கும் உரிமை என்று வரிசை தப்பாமல் வரும். “போன வாரம் செருப்பு வாங்கினியே, பில் வாங்கினியா?” என்று அதே பையனிடம் கேட்டால், “அங்கெல்லாம் கேட்டா ஒரு மாதிரி பார்ப்பாங்க மிஸ்” என்பான். இந்த ஒரு மாதிரிப் பார்வையைத் தாண்ட வைப்பதுதான் இந்த அலகில் நான் செய்ய நினைப்பது. சட்டத்தைச் சொல்லித்தர இரண்டு பீரியட் போதும். கடைக்காரர் முன்னால் முகம் சிவக்காமல் ஒரு கேள்வி கேட்கப் பழக்குவதற்குத்தான் நாள் பிடிக்கிறது.

புத்தகத்தைத் திறக்கும் முன்னால் காலி பாக்கெட்டுகளில் ஆரம்பிக்கிறேன். வீட்டில் எதையும் தூக்கிப் போடாமல் ஒரு வாரம் சேர்த்து, கழுவிக் காயவைத்துக் கொண்டுவரச் சொல்வேன். கழுவ வேண்டும் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். மசால் பொடிப் பாக்கெட்டைத் தேடி ஸ்டாஃப் ரூமுக்கு எலி வரும். ஆளுக்கொரு பாக்கெட் கொடுத்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நோட்டில் எழுதச் சொன்னால் முதலில் எல்லோரும் எழுதுவது விளம்பர வாசகத்தைத்தான். பெரிய எழுத்தில் இருப்பது அதுதானே. சட்டம் கேட்கிற விஷயங்களெல்லாம் பின்பக்கம், மடிப்புக்குள்ளே, மணிலாக் கொட்டை நிறத்தில் பொடி எழுத்தாக இருக்கும். 2011-ம் வருடத்துப் பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி தயாரித்தவர் அல்லது பொட்டலம் கட்டியவரின் பெயரும் முகவரியும், பொருளின் பெயர், நிகர எடை, தயாரித்த மாதமும் வருடமும், எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச சில்லறை விலை, புகாருக்கான தொடர்பு விவரம் எல்லாம் இருக்க வேண்டும். சாப்பிடும் பொருளானால் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண்ணும் வேண்டும்.

அந்த 14 இலக்கத்தைப் பிரித்துப் படிக்கக் காட்டினால் வகுப்பே நிமிர்ந்து உட்காரும். முதல் இலக்கம் 1 என்றால் உரிமம், 2 என்றால் சிறு வியாபாரிகளுக்கான பதிவு. அடுத்த இரண்டும் மாநிலம். தமிழ்நாட்டுக்கு 24, மத்திய உரிமமானால் 00. அதற்கடுத்த இரண்டு, எண் வழங்கிய வருடம். இது தெரிந்த பிறகு பிள்ளைகள் பள்ளி வாசல் பெட்டிக்கடையில் தொங்குகிற ஐந்து ரூபாய்ச் சரத்தைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். அதில் பாதிக்கு எண்ணும் இருக்காது, முகவரியும் இருக்காது. பளபளவென்று ஒரு கார்ட்டூன் பொம்மை மட்டும் இருக்கும். “அப்ப இத சாப்பிட்டு வயிறு வலிச்சா யார்கிட்ட போறது மிஸ்?” என்று ஒரு பெண் கேட்டாள். முகவரி எதற்கு என்பதற்கு அதைவிட நல்ல விளக்கம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அடுத்தது கணக்கு. ஒரே பொருளின் சின்னப் பாக்கெட், பெரிய பாக்கெட் இரண்டையும் எடுத்து நூறு கிராமுக்கு என்ன விலை என்று போடச் சொல்வேன். இப்போது பல பாக்கெட்டுகளில் ஒரு கிராமுக்கு இவ்வளவு என்று அச்சிட்டே வருகிறது. ஆனாலும் முதலில் கையால் போட வேண்டும். பெரிதாக வாங்கினால் மலிவு என்று எல்லோரும் சொல்லும் பாடம் பிஸ்கட்டிலும் எண்ணெயிலும் பெரும்பாலும் சரியாக வரும். ஷாம்பூவில் தலைகீழாகிவிடும். எங்கள் பிள்ளைகள் கொண்டுவந்த ஒரு ரூபாய்ச் சாஷேயில் ஐந்து மில்லிக்குக் கொஞ்சம் அதிகமாக இருந்தது. மில்லிக்கு இருபது காசுகூட இல்லை. அதே கம்பெனியின் பாட்டிலில் மில்லிக்கு அரை ரூபாய்க்கு மேல் போனது. மூன்று முறை சரிபார்த்தார்கள். கணக்கு சரிதான். சாஷே வாங்குவது ஏழைக்கு நஷ்டம் என்று நாம் ஒரு பிரசங்கம் தயாராக வைத்திருப்போம். அதை இந்தக் கணக்கு சாய்த்துவிடும். அங்கே நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. வாய்க்காலில் அடைத்துக் கிடக்கும் அந்தத் தாளை யார் அள்ளுவது என்று கேட்டால் பேச்சு சூடுபிடிக்கும். சாஷேயைப் பரவலாக்கியவர்களில் முன்னோடி என்று சொல்லப்படும் சின்னி கிருஷ்ணன் கடலூர்க்காரர் என்று சொன்னால் இன்னொரு பத்து நிமிஷம் ஓடும். வணிகவியல் படிக்கிற பிள்ளைக்குத் தன் ஊர்ப்பக்கத்து ஆள் ஒருவர் சந்தையையே மாற்றினார் என்று கேட்பதில் ஒரு தனி ருசி.

பில் விவகாரத்துக்கு வந்தால் பாடம் கனமாகிறது. நகரத்தில் இருந்து வரும் பயிற்சியாளர்கள் பில் கேளுங்கள், இல்லாவிட்டால் வாங்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எங்கள் ஊரில் மளிகைக்கடை அண்ணாச்சியிடம் முக்கால்வாசிக் குடும்பத்துக்குக் கணக்கு நோட்டு இருக்கிறது. சம்பளம் வரும்வரை அரிசியும் பருப்பும் அந்த நோட்டில்தான் ஓடுகிறது. அப்படிக் கடன் கொடுக்கிறவரிடம் போய்ப் பதினாறு வயதுப் பிள்ளை தேதி காலாவதியாகியிருக்கு என்று சத்தம் போட்டால், அடுத்த மாதம் அந்த நோட்டு மூடப்படும். அதனால் இந்தப் பாடத்தைக் கடைக்காரனைத் திருடனாக வைத்து நடத்தக் கூடாது என்பது என் தீர்மானமான கருத்து. வகுப்பிலேயே கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள். சின்னாளபட்டியில் சேலை நெய்கிற வீட்டுப் பிள்ளை ஒன்று, ஞாயிற்றுக்கிழமை ஜவுளிக்கடையில் நிற்கிற பிள்ளை இரண்டு, அப்பாவோடு செல்போன் கடையில் உட்காருகிறவன் ஒருவன். வணிகவியல் குரூப் எடுத்தவர்களில் பாதிப் பேர் நாளைக்குக் கல்லாவுக்கு அந்தப் பக்கம் நிற்கப்போகிறவர்கள்.

அதனால் நடிக்க விடுவேன். மேசை கல்லா, ஒருவர் கடைக்காரர், ஒருவர் வாங்க வந்தவர், பின்னால் அவசரப்படுத்துகிற இன்னொரு வாடிக்கையாளர். இந்த மூன்றாவது ஆள் முக்கியம். நிஜத்தில் நம் வாயை அடைப்பது கடைக்காரரைவிடப் பின்னால் நிற்பவரின் பெருமூச்சுதான். என்ன சொல்வது என்பதை வாக்கியமாகவே பழக்குகிறேன். “அண்ணே, வீட்ல கணக்கு எழுதணும், பில் ஒண்ணு போட்டுக் குடுத்துருங்க.” “அக்கா, இது தேதி முடிஞ்சிருக்கு போல, வேற எடுத்துக்கவா?” கேள்வியாகக் கேள், குரலை ஏற்றாதே, காரணத்தை உன் வீட்டுத் தலையில் போடு. கடைக்காரராக நடிக்கிறவனுக்கும் வேலை உண்டு: கோபப்படாமல் பதில் சொல்ல வேண்டும். செல்போன் கடைப் பையன் நடித்தபோது, “பில் போட்டா ஜிஎஸ்டி சேரும், பரவாயில்லையா?” என்றான். வகுப்பு சிரித்தது. அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, கடையில் தினமும் சொல்கிற வசனம் அது. அதிகபட்ச சில்லறை விலைக்குள் வரி அடக்கம் என்பதை அன்றைக்கு அவனை வைத்தே கரும்பலகையில் போட்டுக்காட்ட முடிந்தது.

சட்டத்தை இந்த இடத்தில்தான் நுழைப்பேன். 2019-ல் இயற்றி 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், பில் கொடுக்காமல் இருப்பதையே நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படித்தான். கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள். விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் காட்டி இதைச் சொன்னால் பிள்ளைகளுக்குக் குஷி தாங்காது. உடனே அடுத்த வாக்கியத்தையும் சொல்லிவிட வேண்டும்: இது குறையுள்ள பொருளுக்கு. வீட்டுக்குப் போனபின் நிறம் பிடிக்கவில்லை என்பதற்கு அல்ல. இதைச் சொல்லாமல் விட்டால் தீபாவளிக்கு அடுத்த வாரம் ஊர் ஜவுளிக்கடைக்காரர் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிடுவார்.

எடைக்கு வாரச்சந்தைக்குக் கூட்டிப்போவேன். பெற்றோர் கடிதம், தலைமையாசிரியர் அனுமதி எல்லாம் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள். நான்கைந்து பேராகப் பிரித்து அனுப்புங்கள். மொத்தமாகப் போய் ஒரு தராசைச் சுற்றி நின்றால் சோதனைக்கு வந்தமாதிரி ஆகிவிடும், வியாபாரி பயந்துபோவார். தராசில் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. நம் மாநிலத்தில் எடையளவு தொழிலாளர் துறையின் பொறுப்பு. மின்னணுத் தராசுக்கு வருடம் ஒருமுறை மறுமுத்திரை வைக்க வேண்டும். முத்திரையில் வருடத்தோடு ஏ, பி, சி, டி என்று காலாண்டைக் குறிக்கிற எழுத்தும் இருக்கும். அதைக் கண்டுபிடிப்பது பிள்ளைகளுக்குப் புதையல் எடுப்பதுபோல. அதைவிட உபயோகமான பழக்கம் ஒன்று உண்டு: பொருள் வைக்கும் முன் திரையில் சுழியம் இருக்கிறதா என்று பார்ப்பது. தட்டு அல்லது அட்டைப்பெட்டியின் எடை கழிந்ததா என்று பார்ப்பது. இனிப்புக்கடையில் பெட்டியோடு நிறுத்தால் அட்டைக்கும் மைசூர்பாகு விலைதான். பெட்ரோல் பங்க் பற்றி நேரம் இருந்தால் சொல்வேன். அங்கே முத்திரை வைத்த 5 லிட்டர் அளவுக்கலம் வைத்திருப்பார்கள், சந்தேகம் வந்தால் அளந்துகாட்டச் சொல்லலாம். கேட்டவர்களை இதுவரை நான் பார்த்ததில்லை.

சந்தைக்குப் போய்வந்த மறுநாள் ஒருவன் பூ விவகாரத்தைக் கிளப்பினான். மீட்டர், கிலோகிராம் தவிர வேறு அளவில் விற்கக் கூடாது என்றால், முழக்கணக்கில் பூ விற்பது குற்றமா? யார் கை முழம்? வகுப்பில் ஒரு பெண்ணின் அம்மா நிலக்கோட்டை மார்க்கெட்டில் கிலோக்கணக்கில் பூ எடுத்துவந்து கட்டி விற்கிறவர். அவள் எழுந்து சொன்னாள்: “எங்கம்மா கை சின்னக் கைதான். ஆனா நெருக்கமா கட்டுவாங்க. பெரிய கைக்காரங்க தூரமா கட்டுவாங்க. முழத்த மட்டும் பாத்தா எப்படி?” அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. சட்டப்படி முழம் அளவு இல்லை, அது உண்மை. நூறு கிராம் என்று நிறுத்துக் கொடுத்தால் தண்ணீர் தெளித்துக் கனமாக்கலாம், அதுவும் உண்மை. நான் தீர்ப்புச் சொல்லாமல் விட்டுவிட்டேன். தரம், அளவு, விலை மூன்றும் சேர்ந்ததுதான் வாங்குதல் என்பதை அந்தப் பெண் என்னைவிடத் தெளிவாகச் சொல்லியாகிவிட்டது.

ஒவ்வொரு வருடமும் தவறாமல் வருகிற இன்னொன்று பிளாஸ்டிக் அரிசி. ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் கலக்கிறார்கள் என்று வாட்ஸாப்பில் வந்ததை நம்பி, பாட்டிகள் முறத்தில் புடைக்கும்போது அந்த மணிகளைத் தேடிப் பொறுக்கிப் போடுகிறார்கள். ஒரு மாணவி ஒரு மருந்து டப்பியில் அவற்றைச் சேர்த்தே கொண்டுவந்தாள். மற்ற அரிசியைவிடக் கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் மழுங்கல். தண்ணீரில் போட்டால் சிலது மிதந்தது. அது செறிவூட்டப்பட்ட அரிசி; அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து மணியாகவே வார்த்து, நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்தது. இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். வேதியியல் லேபில் அயோடின் கரைசல் கொஞ்சம் வாங்கிவந்து இரண்டு தட்டு வைத்தோம். ஒன்றில் அந்த மணிகளை நுணுக்கிப் போட்டது, இன்னொன்றில் பழைய பேனா மூடியைச் சுரண்டிய பிளாஸ்டிக் துருவல். சொட்டு விட்டதும் அரிசி கருநீலமானது. பிளாஸ்டிக்கில் அயோடினின் பழுப்பு நிறம் அப்படியே நின்றது. மாவுச்சத்து இருந்தால் நீலம், இல்லாவிட்டால் இல்லை. அந்தப் பெண் தட்டை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டாள். பாட்டிக்குக் காட்ட வேண்டுமாம். அயோடினை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப முடியாது என்பதால் போட்டோ எடுத்துக் கொடுத்தேன்.

கலப்படச் சோதனை என்று இணையத்தில் உலவுகிற எல்லாவற்றையும் வகுப்பில் செய்துகாட்டாதீர்கள். தேனைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியில் தடவிப் பற்றவைப்பது இதெல்லாம் பார்க்கச் சுவாரஸ்யம். நன்றாகக் காய்ச்சிய சர்க்கரைப்பாகும் அந்தச் சோதனையில் தேறிவிடும். பாலில் மாவு கலந்திருக்கிறதா என்பதற்கு அயோடின், மிளகாய்த்தூளில் சாயம் இருக்கிறதா என்பதற்கு ஒரு டம்ளர் தண்ணீர். இந்த இரண்டு போதும். மீதிக்கு லேப் இருக்கிறது என்று சொல்லிவிடுவது நேர்மை.

அரிசிப் பேச்சில் ஒருவன் கேட்ட கேள்வியையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இது பாடப்புத்தக வரையறையை ஆட்டுகிற கேள்வி. “காசு குடுக்காம வாங்குற ரேஷன் அரிசிக்கு நாம நுகர்வோரா மிஸ்?” நுகர்வோர் என்றால் விலை கொடுத்து வாங்குபவர் என்றுதான் சட்டம் சொல்கிறது. இலவச அரிசிக்கு அந்த வரையறை பொருந்தாது. காசு கொடுத்து வாங்குகிற பருப்புக்கும் பாமாயிலுக்கும் பொருந்தும். அதற்காக அரிசிக்குக் கேள்வி கேட்க முடியாது என்றில்லை. ரேஷனுக்கென்றே தேசிய உணவு பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, ரேஷன் குறைகளுக்கு 1967 என்ற எண் இருக்கிறது. வரையறையை மனப்பாடம் செய்கிறவர்களுக்கு இந்தச் சந்தேகம் வராது. கார்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றவனுக்குத்தான் வந்தது.

கடன் கணக்கு புத்தகத்தில் இந்த அலகில் இல்லை. நான் சேர்த்துக்கொள்கிறேன். இதில் ஒரு கண்டிப்பான விதி: உங்கள் வீட்டில் கடன் இருக்கிறதா என்று வகுப்பில் கேட்கக் கூடாது. யோசிக்காமல் ஒருவர் சொல்லிவிட்டால், மதிய சாப்பாட்டு நேரத்துக்குள் பள்ளி முழுக்கத் தெரிந்துவிடும். பெயரில்லாத ஒரு காய்கறிக்காரரை வைத்துக் கணக்குப் போடலாம். தண்டலில் பத்தாயிரம் எழுதி, கையில் 8,500 கொடுக்கிறார்கள். தினம் நூறு ரூபாயாக நூறு நாள். 1,500 ரூபாய் வட்டி, அதாவது பதினைந்து சதவீதம் என்று வகுப்பு சொல்லும். நூறு நாளும் அந்த 8,500 முழுதாக அவர் கையில் இருந்ததா என்று கேட்டால் மௌனம். நாளுக்கு நாள் அசல் கரைகிறது. சராசரியாக அவரிடம் இருந்தது அதில் பாதிதான். அதை வருடத்துக்கு மாற்றிப் போட்டால் 120 சதவீதத்தைத் தாண்டிப் போகிறது. இதே முறையில் கடைத் தவணைக்கும் போடலாம். பத்தாயிரம் ரூபாய் போனுக்கு 12 சதவீதம் என்று சொல்லி மாதம் 933 ரூபாய் வீதம் ஒரு வருடம் கட்டச் சொன்னால், உண்மையான வட்டி 21 சதவீதத்துக்கு மேல். கணக்குப் பாடத்தில் கூட்டுவட்டிக்குத் தூங்குகிற பையன்கள் இதற்குத் தூங்குவதில்லை. அதற்காகத் தண்டல்காரரிடம் போகாதே என்று அறிவுரை சொல்லிவிட முடியாது. காலை நான்கு மணிக்குச் சரக்கெடுக்கப் பணம் கொடுக்க எந்த பேங்க் திறந்திருக்கிறது?

நகைக்கு வருவோம். பெண்பிள்ளைகள் அதிகம் ஆர்வம் காட்டுகிற இடம் இது, பையன்கள் ஆர்வம் இல்லாததுபோல் காட்டிக்கொள்கிற இடம். பிள்ளைகளை நகை கொண்டுவரச் சொல்லாதீர்கள், தொலைந்தால் யார் பதில் சொல்வது? என் மோதிரத்தையே கழற்றி, போன் கேமராவில் பெரிதாக்கிக் காட்டுவேன். பிஐஎஸ் எனும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குறி, 22கே916 என்ற தரம், அப்புறம் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாள எண். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகை அந்த எண் இல்லாமல் விற்கக் கூடாது. பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் என்ன நகை, எந்தத் தரம் என்று வந்துவிடும். என் மோதிரம் பழையது. அதில் எண் இல்லை. அதுவும் ஒரு பாடத்துக்கு ஆயிற்று: பழைய நகை செல்லாது என்று பொருளல்ல. சேதாரத்தைக் கிராமாக மாற்றிப் பார்க்கவும் சொல்வேன். 12 சதவீதம் என்றால் ஒரு பவுனுக்குக் கிட்டத்தட்ட ஒரு கிராம். சதவீதமாகக் கேட்கும்போது தலையாட்டுகிறவர்கள், கிராமாகக் கேட்டால் பேரம் பேசுவார்கள். அதை வீட்டில் போய் அம்மாவிடம் சொன்ன பிள்ளைகள் உண்டு. அந்த அம்மா அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைப் பற்றிக் கேட்காமல் சேதாரத்தைப் பற்றி என்னிடம் கேட்டார்.

புகார் எழுதுவதை வீட்டுப்பாடமாகக் கொடுக்கும்போது கற்பனைப் புகார் வேண்டாம் என்பேன். வீட்டில் நிஜமாகவே கெட்டுப்போன பொருள் ஏதாவது ஒன்று இருக்கும். என்ன வாங்கியது, எப்போது, எவ்வளவு, என்ன குறை, என்ன வேண்டும்: மாற்றித் தரவா, பணமா, பழுதுபார்க்கவா. இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் பெரும்பாலோரிடம் பதில் இருக்காது. கோபம் ஒரு பக்கம் முழுக்க இருக்கும். என்ன வேண்டும் என்பது இருக்காது. ஒரு மாணவன் ஆன்லைனில் வாங்கிய ஹெட்செட் பத்து நாளில் ஒரு பக்கம் கேட்காமல் போயிருந்தது. விற்றவர் பதிலே போடவில்லை. அப்பாவைக் கூட வைத்துக்கொண்டு 1915-க்குப் போன் செய்தான். அது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். பதிவு எண் கொடுத்தார்கள். சில வாரத்தில் வேறு ஹெட்செட் வந்தது. இன்னொரு பெண் வீட்டில் கல்யாணத்துக்கு எடுத்த சேலை முதல் நனைப்பிலேயே சாயம் விட்டது. கடிதம் அருமையாக எழுதியிருந்தாள். அனுப்பவில்லை. கடைக்காரர் அவள் சித்தப்பாவுக்குச் சம்பந்தி முறை. கடிதத்துக்கு முழு மார்க் போட்டேன்.

கடிதத்துக்கும் மசியவில்லை என்றால் மாவட்ட ஆணையம். பிள்ளைகளுக்கு நான் அழுத்திச் சொல்வது நான்கு விஷயம்தான்: கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்டத்திலேயே போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, அது எழுத்தளவில் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுவேன். ஐம்பது ரூபாய் விஷயத்துக்கு ஆணையம் வேண்டாம், கடைக்காரரோடு ஒரு பேச்சு போதும்.

கடைசியாக வந்து சேர்ந்த பகுதி போன். இதில் பிள்ளைகள்தான் வாத்தியார். ஏமாற்றுகிற திரை வடிவமைப்புகள் 13 வகை என்று 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பட்டியல் போட்டது. பள்ளிக்குள் போன் கூடாது என்பதால், நினைவில் இருக்கிற திரையைக் கரும்பலகையில் வரையச் சொன்னேன். இரண்டு மட்டுமே மீதம் என்று பயமுறுத்துவது, நாம் கேட்காத பொருளைக் கூடையில் போட்டுவிடுவது, பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் புதுக் கட்டணம் முளைப்பது என்று அச்சு அசலாக வரைந்தார்கள். வேண்டாம் என்ற பொத்தானை மட்டும் சாம்பல் நிறச் சாக்பீஸ் இல்லாததால் அழித்து அழித்து மங்கலாக்கினான் ஒருவன். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் போடத் தேவையே இல்லை, போடச் சொன்னால் அது மோசடி, பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930 என்பதை மட்டும் நான் சொன்னேன். அதையும் பாதிப்பேர் முன்பே அறிந்திருந்தார்கள். அவர்கள் அப்பாக்களுக்குத்தான் தெரியாது. அதனால் அந்த எண்ணை வீட்டில் யார் போனிலாவது சேமித்துக் கொடுத்துவிட்டு வரச் சொன்னேன்.

இவ்வளவும் செய்தால் போர்ஷன் முடியுமா என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். முடிகிறது, இழுத்துப்பிடித்து. பாக்கெட்டும் நடிப்பும் மன்றத்தின் கணக்கில், மதியக் கடைசிப் பீரியடில் போய்விடும். சந்தை ஒரு நாள். எழுத்துத் தேர்வு 90 மார்க், விடைக்குறிப்பில் என்ன இருக்கிறதோ அதற்குத்தான் மார்க். அதனால் விடையில் முதலில் புத்தகத்துத் தலைப்புகளை அடிக்கோடிட்டு எழுதிவிட வேண்டும், சந்தைக் கதையை அதற்குக் கீழே ஒரு வரி சேர்க்கலாம் என்று பழக்கியிருக்கிறேன். என் அலகுத் தேர்வில் மட்டும் கேள்வித்தாளோடு ஒரு காலி பாக்கெட்டைப் பின் அடித்துக் கொடுப்பேன். இதில் சட்டப்படி இல்லாதது என்ன, யாரிடம் எப்படிக் கேட்பாய் என்பது ஐந்து மார்க் கேள்வி. போன முறை ஒரு பையன் பாக்கெட்டில் குறை எதுவும் இல்லை என்று எழுதி, அதற்கு ஆதாரமாக எல்லா விவரத்தையும் வரிசைப்படுத்தியிருந்தான். திருப்பிப் பார்த்தேன், அவன் சொன்னது சரி. ஐந்து மார்க் கொடுத்துவிட்டு, அடுத்த செட்டுக்கு வேறு பாக்கெட் தேடிக்கொண்டிருக்கிறேன்.